நம் வயல் ஆரைக்கு எந்தப் பெயர் சரி? மார்சிலியா பேரினம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவிரி டெல்டாவில் குறுவை நடவு முடிந்து களையெடுக்கும் நாளில் தொடங்கி, சம்பா, தாளடி அறுவடை வரை ஆரைக்கீரையைப் பற்றிக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். தாவரவியல் மாணவர்கள், கீரை பறிப்பவர்கள், களைக்கொல்லி அடிப்பவர்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். பாதிப் பேருக்குச் சந்தேகம் பெயரில்தான். ஆரை சேர்ந்திருக்கும் பேரினத்துக்கு, அதாவது நெருங்கிய இனங்களின் கூட்டத்துக்கு, அறிவியலில் மார்சிலியா என்று பெயர். வகைப்பாடும் பெயரும் தொடர்பானவற்றை மட்டும் இங்கே சேர்த்திருக்கிறேன். சமையல் குறிப்பு தேடி வந்தவர்களுக்கு நடுவில் ஒரே ஒரு பத்தி உண்டு.

ஆரைக்கீரை பெரணி வகையா? கீரை இல்லையா?

சமையலறையில் கீரை, தாவரவியலில் பெரணி. பூக்காது, காய்க்காது, விதை கிடையாது. நம்பாதவர்கள் வாய்க்கால் கரையில் புதிதாகக் கிளம்பும் குருத்தைப் பார்க்கட்டும். நுனி உள்பக்கமாகச் சுருண்டிருக்கும். மலையில் வளரும் பெரிய பெரணிகளின் இளம் இலையும் இப்படித்தான் சுருண்டு கிளம்பும். விரிந்த பிறகு நீளக் காம்பின் உச்சியில் நான்கு சிற்றிலைகள் நிற்கும். நான்கும் சேர்ந்துதான் ஓர் இலை. வயலில் தண்ணீர் நின்றால் மேலே மிதக்கும், வடிந்தால் நிமிர்ந்து நிற்கும், இரவில் மடித்துக்கொள்ளும்.

மார்சிலியா என்ற பெயர் யாரைக் குறிக்கிறது?

லூயிஜி பெர்டினாண்டோ மார்சிலி என்ற இத்தாலியரை. 1658-இல் போலோக்னா நகரில் பிறந்து 1730-இல் இறந்தவர். ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரசகுலத்தின் படையில் இருந்தார், துருக்கியருக்கு எதிரான போரில் பிடிபட்டு அடிமையாகவும் இருந்தார், மீண்டு வந்து தளபதியானார். அதற்கு நடுவிலேயே டான்யூப் ஆற்றை அளந்து, அதைப் பற்றி 1726-இல் ஆறு பெரிய தொகுதிகள் வெளியிட்டார். அதற்கு முந்தைய ஆண்டில் கடலைப் பற்றிய நூல், அதற்கும் முன்னால் 1714-இல் காளான்கள் எப்படி உண்டாகின்றன என்று ஒரு நூல். 1685-இல் காபியைப் பற்றிக்கூட ஒரு சிறு நூல் எழுதியிருக்கிறார். கும்பகோணத்துக்காரர்களுக்கு இதற்காகவே அவரைப் பிடித்துப்போகும்.

ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட 'ஸ்பீஷீஸ் பிளாண்டாரம்' நூலில் இந்தப் பேரினம் இடம்பெற்றது. தாவரப் பெயர்களுக்கான சர்வதேச விதிப்படி பெரணிகளின் முறையான பெயர்கள் அந்த நூலிலிருந்துதான் தொடங்குகின்றன. 1753 மே 1-க்கு முன்னால் ஒருவர் என்ன பெயர் வைத்திருந்தாலும் முன்னுரிமைக் கணக்கில் சேராது. உதாரணமாக, பிரெஞ்சுத் தாவரவியலாளர் பெர்னார் தெ ஜுஸ்யூ 1740-இலேயே இந்தச் செடிக்கு 'லெம்மா' என்று பெயர் வைத்திருந்தார். அந்தப் பெயர் செல்லவில்லை.

அன்றைக்கு லின்னேயஸ் சொன்ன மார்சிலியாவும் இன்றைக்கு நாம் சொல்வதும் ஒன்றா?

முழுக்க ஒன்றில்லை. லின்னேயஸ் அந்தப் பேரினத்துக்குள் நான்கு சிற்றிலை ஆரையையும் போட்டார், தண்ணீரில் மிதக்கும் வேறொரு பெரணியையும் போட்டார். இரண்டாவதுக்கு அவர் வைத்த பெயர் மார்சிலியா நாட்டன்ஸ். ஓராண்டு கழித்து, 1754-இல், மிதக்கும் பெரணியைச் செகியே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் தனியாகப் பிரித்து சால்வினியா என்ற பேரினத்தில் வைத்தார். மார்சிலியா என்ற பெயர் நான்கு சிற்றிலைச் செடியோடு தங்கிவிட்டது. ஒரு பேரினம் பிரிந்தால் பழைய பெயர் யாருக்கு என்பதை இன்றைய விதிகள் வகைமாதிரியை, அதாவது அந்தப் பெயருக்கு அடையாளமாக நிலையாகக் குறித்து வைத்த ஒன்றை, வைத்துத் தீர்க்கின்றன. மார்சிலியாவின் வகைமாதிரி இனம் மார்சிலியா குவாட்ரிபோலியா. அந்த இனம் எங்கே போகிறதோ, பெயரும் அங்கே போகும்.

பாடப் புத்தகத்தில் குவாட்ரிபோலியா என்று இருக்கிறது. வேறு இடத்தில் மைனூட்டா என்று போட்டிருக்கிறார்கள். தஞ்சாவூர், திருவாரூர் வயலில் இருப்பது எது?

பெரும்பாலும் மார்சிலியா மைனூட்டா. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு பதிலுக்காகத்தான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

குவாட்ரிபோலியா என்றால் நான்கு இலை கொண்டது. பெயரைக் கேட்டதும், நான்கு சிற்றிலை தெரிந்தால் அதுதான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். மார்சிலியா பேரினம் முழுவதற்குமே நான்கு சிற்றிலைதான். ஆப்பிரிக்காவில் வளர்வதற்கும் நான்கு, ஆஸ்திரேலியாவில் வளர்வதற்கும் நான்கு. ஆகவே அந்த அடையாளத்தை வைத்துப் பேரினத்தைச் சொல்லலாம், இனத்தைச் சொல்ல முடியாது. லின்னேயஸ் 1753-இல் பெயர் வைத்தபோது கையில் இருந்த நான்கு சிற்றிலைச் செடி ஐரோப்பாவில் வளர்வது. அவருக்கு அந்தப் பெயர் போதுமானதாக இருந்தது.

இந்தியச் செடிக்கு அவரே 1771-இல் மைனூட்டா என்று தனிப் பெயர் வைத்தார். மிகச் சிறியது என்று பொருள். நம் வாய்க்காலில் முழ நீளக் காம்போடு அது நிற்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் காய்ந்த வரப்பில் விரற்கடை உயரத்தில் தரையோடு ஒட்டிக்கிடப்பதும் இதே செடிதான். பொருத்தமில்லாத பெயர் என்பதற்காக ஒரு பெயரை மாற்ற விதி அனுமதிப்பதில்லை.

உண்மையான குவாட்ரிபோலியா குளிர்ப்பாங்கான இடங்களைச் சேர்ந்தது. இந்தியாவில் அதை காஷ்மீரப் பக்கம் எதிர்பார்க்கலாம், தென்னிந்தியச் சமவெளியில் எதிர்பார்க்கக் கூடாது. இருந்தும் நெல்வயல் களைகளைப் பற்றிய கட்டுரைகளிலும் மூலிகைக் கட்டுரைகளிலும் குவாட்ரிபோலியா என்றே திரும்பத் திரும்ப வருகிறது. முன்னவர் எழுதியதைப் பார்த்துப் பின்னவர் எழுதுவதுதான் காரணம் என்று நினைக்கிறேன். செடியைப் பிடுங்கி அடியில் பார்த்து எழுதினவர்கள் குறைவு.

அடியில் எதைப் பார்க்க வேண்டும்?

காம்பு தண்டோடு சேரும் இடத்தில், அவரை விதையைச் சிறிதாக்கிய மாதிரி கறுப்பும் பழுப்புமாகக் கெட்டியான உருண்டைகள் இருக்கும். பாடத்தில் ஸ்போரோகார்ப் என்பார்கள். வித்துக்காய் என்று வைத்துக்கொள்வோம். பெயரில் காய் என்றாலும் இது பூவிலிருந்து வந்த காய் இல்லை, உள்ளே இருக்கும் வித்தும் விதை இல்லை, ஸ்போர். மார்சிலியா இனங்களைப் பிரிப்பதற்கு நம்பத்தகுந்த அடையாளம் இதுதான்.

மைனூட்டாவில் வித்துக்காயின் சிறுகாம்பு, இலைக்காம்பின் அடியிலேயே அல்லது அதற்கு மிக அருகில் கிளம்பும். பல காய்கள் கூட்டமாக இருக்கலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் தனிக் காம்பு. சில செடிகளில் காம்புகள் அடியில் மட்டும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். காயின் மேல்புறம், காம்பு சேரும் இடத்துக்குப் பக்கத்தில், பல் மாதிரி ஒரு முனை தெளிவாகத் தெரியும்.

குவாட்ரிபோலியாவில் சிறுகாம்பு இலைக்காம்பின் அடியிலிருந்து சற்று மேலே தள்ளிக் கிளம்பும். அது கிளைத்து, கிளைக்கு ஒன்றாக இரண்டு மூன்று காய்களைத் தாங்கும். அந்தப் பல் இருக்காது, அல்லது தேடிப் பார்க்க வேண்டிய அளவுக்குத்தான் இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று போதும்.

எப்போது பார்ப்பது என்பதும் முக்கியம். தண்ணீர் நிற்கும் வயலில் ஆரை பெரும்பாலும் இலையாகவே இருக்கும், காய் பிடிக்காது. நீர் வடிந்து மண் இறுகும்போதுதான் காய்க்கும். டெல்டாவில் சம்பா அறுவடை முடிந்து தாள் நிற்கும் தை, மாசி மாதங்கள்தான் சரியான காலம். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்த பிறகு ஆடியில் தேடினால் ஏமாற்றம்தான்.

போட்டோ அனுப்பினால் இனத்தைச் சொல்வீர்களா?

இலை மட்டும் உள்ள போட்டோவுக்கு மார்சிலியா என்று மட்டும்தான் பதில் வரும்.

இதைப் பிடிவாதம் என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் ஒரே தண்டின் இலைகளே இடத்துக்கு இடம் மாறும். தண்ணீரில் மிதக்கும் சிற்றிலையின் விளிம்பு வழவழப்பாக இருக்கும். கரையேறிய அதே தண்டின் சிற்றிலையில் விளிம்பு அலையலையாக வெட்டுப்பட்டிருக்கலாம். அளவும் முடியும் அப்படியே மாறும். செயலி சொல்லும் பெயரையும் இந்தக் கணக்கில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மொத்தம் எத்தனை இனங்கள் உண்டு?

யார் எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஏறக்குறைய 45 முதல் 65 வரை சொல்கிறார்கள். இலை இப்படி மாறிக்கொண்டே இருந்தால் எண்ணிக்கையும் மாறத்தானே செய்யும்? கரையில் எடுத்ததற்கு ஒரு பெயர், தண்ணீரில் எடுத்ததற்கு இன்னொரு பெயர் என்று பழைய காலத்தில் பெயர்கள் பெருகின. இந்தியாவில் கே. எம். குப்தா 1962-இல் இந்தப் பேரினத்துக்கென்றே ஒரு தனிநூல் வெளியிட்டார். அந்தக் காலகட்டத்தில் இந்தியாவிலிருந்து வெளிவந்த பல இனப் பெயர்களைப் பிற்காலத்தார் மைனூட்டாவுக்குள் சேர்த்துவிட்டார்கள். தென்கிழக்காசியாவில் கிரெனாட்டா என்று சொல்லும் ஆரையைச் சிலர் தனி இனமாக வைக்கிறார்கள், சிலர் அதையும் மைனூட்டாவே என்கிறார்கள். அமெரிக்கக் கண்டங்களின் இனங்களை டேவிட் ஜான்சன் 1986-இல் இப்படி ஒழுங்குபடுத்தினார். 2007-இல் நாகலிங்கம், ஷ்னைடர், பிரையர் மூவரும் டிஎன்ஏவை வைத்து உலக இனங்களின் உறவுமுறையை வரைந்தார்கள். டிஎன்ஏ வந்த பிறகும் ஆசிய இனங்களுக்கு இடையிலான எல்லைத் தகராறு முழுசாகத் தீர்ந்துவிடவில்லை.

எந்தக் குடும்பம்? அசோலாவுக்குச் சொந்தம் என்கிறார்களே?

சொந்தம்தான். மாட்டுக்குத் தீவனமாகத் தொட்டியில் வளர்க்கும் அசோலாவும் வயல் ஆரையும் பார்ப்பதற்குத் தொடர்பே இல்லாத மாதிரி இருக்கும். ஆனால் வகைப்பாட்டில் இரண்டும் சால்வினியேல்ஸ் என்ற ஒரே துறையில் வருகின்றன. அந்தத் துறையில் இரண்டு குடும்பங்கள். ஒன்றில் சால்வினியாவும் அசோலாவும். மற்றொன்று மார்சிலியேசியே, அதில் மூன்று பேரினங்கள். நான்கு சிற்றிலை உள்ளது மார்சிலியா. இரண்டு சிற்றிலை உள்ளது ரெக்னெல்லிடியம், தென் அமெரிக்காவில் மட்டும் வளரும் ஒரே ஓர் இனம், 1904-இல் பெயர் பெற்றது. சிற்றிலையே இல்லாமல் புல் மாதிரி நிற்பது பிலுலாரியா. அதன் வித்துக்காய் மாத்திரை போல உருண்டையாக இருப்பதால் அந்தப் பெயர். நான்கு, இரண்டு, பூஜ்யம் என்று படிப்படியாகக் குறைந்த வரிசை என்று நினைக்கத் தோன்றும். டிஎன்ஏ சொல்வது, ரெக்னெல்லிடியமும் பிலுலாரியாவும் ஒன்றுக்கொன்று நெருக்கம், மார்சிலியா அவை இரண்டிலிருந்தும் தனியாகப் பிரிந்தது என்று.

இவர்களை ஒரே துறையில் சேர்த்தது நீரில் வளர்கிறார்கள் என்பதற்காக மட்டும் அல்ல. பெரும்பாலான பெரணிகள் ஒரே அளவு வித்துகளை உண்டாக்கும். நீர்ப்பெரணிகள் பெரிய வித்து, சிறிய வித்து என்று இரண்டு வகை உண்டாக்கும். பெரியதிலிருந்து பெண் பகுதி, சிறியதிலிருந்து ஆண் பகுதி. இருந்தாலும் இந்த இரண்டு குடும்பங்களும் தனித்தனியாக இந்த நிலைக்கு வந்தவையா, ஒரே மூதாதையிடமிருந்து பெற்றவையா என்ற கேள்வி நெடுங்காலம் இருந்தது. ராத்வெல்லும் ஸ்டாக்கியும் 1994-இல் கனடாவின் ஆல்பர்ட்டாவில் கிடைத்த ஹைட்ராப்டெரிஸ் என்ற, டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலப் புதைபடிவத்தை விவரித்தார்கள். அதில் இரண்டு குடும்பங்களின் அடையாளங்களும் கலந்திருந்தன. அதே காலத்தில் வந்த டிஎன்ஏ ஆய்வுகளும் ஒரே மூதாதை என்றன. உலகப் பெரணி ஆய்வாளர்கள் கூடி 2016-இல் வெளியிட்ட பொது வகைப்பாட்டிலும் இதுதான் நிலை. பழைய பாடநூல்களில் மார்சிலியேல்ஸ் என்று தனித் துறை இருக்கும். தேர்வுக்குப் படிப்பவர்கள் உங்கள் பாடத்திட்டத்தில் உள்ளதை எழுதுங்கள், வம்பு வேண்டாம்.

வல்லாரை, புளியாரை, நீராரை எல்லாம் ஒரே இனமா?

பெயரில் மட்டும். புளியாரைக்கு மூன்று சிற்றிலை, மஞ்சள் பூ, வாயில் போட்டால் புளிப்பு. வல்லாரை கொத்தமல்லிக் குடும்பத்தைச் சேர்ந்தது. நீராரை, அதாவது நம் ஆரைக்கீரை, பூவே இல்லாதது. மூன்றும் தரையில் படர்ந்து, கணுவில் வேர்விட்டு, காம்பை நிமிர்த்தி நிற்பவை. கீரை பறிப்பவருக்கு அந்த ஒற்றுமைதான் கண்ணில் படும், பெயரும் அதற்கேற்ப அமைந்திருக்கிறது. அடுப்பங்கரை வகைப்பாடு என்ற அளவில் இது நன்றாகவே வேலை செய்கிறது.

இனப் பெயர் மாறிப்போனால் என்ன குடிமுழுகிவிடும்?

ஆரையின் நெருங்கிய உறவான சால்வினியாவின் கதையே போதும்.

தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு சால்வினியா ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா என்று ஏரிகளை மூடியது. கேரளத்தின் காயல்களும் தப்பவில்லை. அதை எல்லோரும் சால்வினியா ஆரிகுலாட்டா என்றே அழைத்தார்கள். அதைத் தின்னும் பூச்சியைத் தேடிப் போனவர்கள், ஆரிகுலாட்டா எங்கே இயல்பாக வளர்கிறதோ அங்கே போய்த் தேடினார்கள். 1960-களில் டிரினிடாடிலிருந்து கொண்டுவந்த பூச்சிகள் பெரிதாக உதவவில்லை. 1972-இல் மிச்செல் என்பவர், இது ஆரிகுலாட்டா இல்லை, இதுவரை பெயர் வைக்கப்படாத இனம் என்று காட்டி, சால்வினியா மொலஸ்டா என்று பெயர் வைத்தார். இடம் மாறித் தேடினார்கள். 1978-இல் தென்கிழக்கு பிரேசிலில் அதன் தாயகம் கிடைத்தது. அங்கே அதைத் தின்றுகொண்டிருந்த ஒரு சிறு கூன்வண்டும் கிடைத்தது. 1980-இல் ஆஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் விட்டார்கள், அடுத்த ஆண்டு முடிவதற்குள் களை அழிந்துவிட்டது. பின்னர் அதே வண்டு கேரளத்திலும் வேலை செய்தது.

வேடிக்கை என்னவென்றால், அந்த வண்டையும் முதலில் வேறொரு இனமாகத்தான் நினைத்தார்கள். 1985-இல்தான் அதுவும் புதிய இனம் என்று தெரிந்து, சிர்ட்டோபேகஸ் சால்வினியே என்று பெயர் பெற்றது.

ஆரையின் விஷயத்தில் இந்த அளவுக்கு ஆபத்து இல்லை. ஆனாலும் குவாட்ரிபோலியா ஐரோப்பாவில் அருகிவரும், சட்டப் பாதுகாப்புள்ள செடி. இங்கே மைனூட்டா கூலி கொடுத்துப் பிடுங்கும் களை. இரண்டையும் ஒரே பெயரில் எழுதினால், அங்கே பாதுகாப்புக் கணக்கும் இங்கே களைக்கொல்லிச் சோதனையும் ஒரே செடியைப் பற்றியவை மாதிரி ஆகிவிடும். மருந்துக் குணம் பற்றிய ஆய்வுகளுக்கும் இதே கதிதான்.

தரங்கம்பாடிக்கும் பெரணிப் பெயர்களுக்கும் தொடர்பு உண்டா?

தென்னிந்தியத் தாவரப் பெயர்கள் எல்லாவற்றுக்குமே உண்டு. லின்னேயஸின் மாணவர் ஜோஹன் கெர்ஹார்ட் கோனிக் 1768-இல் டேனிஷ் மிஷனின் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்தார். இங்கிருந்து குருவுக்குச் செடிகளை அனுப்பினார். பின்னால் வந்த ராட்லர், கிளைன் போன்ற மிஷனரிகள் சேகரித்தவை பெர்லினுக்கும் போயின. மார்சிலியாவிலேயே கோரமாண்டலினா என்று ஓர் இனப் பெயர் உண்டு. சோழமண்டலக் கரையை வெளிநாட்டார் சொன்ன விதம் அது. காவிரி கடலில் சேரும் இடத்தின் பெயர் ஒரு பெரணியின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை டெல்டாக்காரர்கள் கொஞ்சம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ஆரையைச் சாப்பிடலாமா?

டெல்டாவில் காலங்காலமாகப் பருப்போடு கூட்டாகவும் துவையலாகவும் செய்கிறார்கள். பச்சையாக வேண்டாம். ஆஸ்திரேலியாவில் நார்டூ என்ற மார்சிலியா இனத்தின் வித்துக்காயை, பழங்குடியினரின் பக்குவம் தெரியாமல் தின்றது 1861-இல் பர்க், வில்ஸ் என்ற இரு பயணிகளின் சாவுக்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். அதில் பி1 வைட்டமினைச் சிதைக்கும் தயாமினேஸ் இருக்கிறது. சாக்கடை கலந்த வாய்க்காலிலும் மருந்தடித்த வயலிலும் பறிக்காதீர்கள். நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் இதை நம்பி மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

வித்துக்காய் எவ்வளவு நாள் உயிரோடு இருக்கும்?

வியப்பான அளவுக்கு. உலர்தாவரக் கூடத்தில் காகிதத்தில் ஒட்டி வைத்திருந்த, நூறு ஆண்டுகளை நெருங்கிய காய்கள் முளைத்திருக்கின்றன. கோடையில் வெடிப்பு விட்ட வயலில் ஆரை மறுபடி எப்படி வருகிறது என்று கேட்பவர்களுக்கும் பதிலின் ஒரு பாதி இதுதான். மறுபாதி மண்ணுக்குள் கிடக்கும் தண்டு. ஆய்வகத்தில் காயின் ஓட்டை ஒரு ஓரமாகக் கீறித் தண்ணீரில் போட்டால், சிறிது நேரத்தில் பசை மாதிரி ஒரு வளையம் நீண்டு வெளியே வரும், அதில் வித்துப் பைகள் வரிசையாகத் தொங்கும். கல்லூரிச் செய்முறை வகுப்பில் மாணவர்கள் கைதட்டும் ஒரே பாடம் இதுவாகத்தான் இருக்கும்.

மாதிரி சேகரித்து வைக்க என்ன செய்வது?

தண்டு, வேர், இலை, வித்துக்காய் நான்கும் இருக்கும்படி பிடுங்குங்கள். மண்ணைக் கழுவி, சிற்றிலைகளை விரித்து, செய்தித்தாளுக்கு நடுவில் அழுத்தி, தாளைத் தினமும் மாற்றுங்கள். ஊர், வயலா வாய்க்காலா குளமா, தண்ணீர் நின்றதா வடிந்திருந்ததா, தேதி இவற்றை அன்றைக்கே எழுதிவிடுங்கள். நிலத்தில் எடுத்ததும் தண்ணீரில் எடுத்ததும் ஒரே தண்டிலிருந்து கிடைத்தால் இன்னும் நல்லது. ஒப்பிட்டுப் பார்க்க திருச்சி புனித வளனார் கல்லூரியில் உள்ள ராபினாட் உலர்தாவரக் கூடம் டெல்டாவுக்குப் பக்கம்.

மார்சிலியா, மார்சிலீயா, மார்சீலியா: எது சரி?

தமிழில் எப்படி எழுதினாலும் ஒன்றுதான். லத்தீன் எழுத்தில் மட்டும் லின்னேயஸ் எழுதிய எழுத்துக்கூட்டை மாற்றக் கூடாது. பழைய நூல்களில் 'இ' வரும் இடம் மாறியிருந்தால் அது அதே பேரினம்தான், குழம்ப வேண்டாம்.

புதிய இனம் கண்டுபிடித்தால் தமிழ்ப் பெயர் வைக்கலாமா?

வைக்கலாம். இனப் பெயர் எந்த மொழியிலிருந்தும் வரலாம், லத்தீன் எழுத்தில் எழுதி லத்தீன் சொல்லாக நடத்தினால் போதும். ஊர்ப் பெயரோ ஆற்றின் பெயரோ கூட வைக்கலாம். வகைமாதிரியாக ஓர் உலர்மாதிரியைக் குறிப்பிட்டு, அது எந்தக் கூடத்தில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். விவரணை லத்தீனிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். 2012-க்கு முன்னால் லத்தீன் கட்டாயம். ஆய்விதழில் முறையாக வெளியாக வேண்டும், வாட்ஸ்அப்பில் அறிவித்தால் செல்லாது. அதற்கு முன்னால், கையில் இருப்பது கரையேறிய மைனூட்டா இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதே செடியைத் தொட்டித் தண்ணீரிலும் ஈரமண்ணிலும் ஒரு பருவம் வளர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.